சங்கையாவின் இரண்டு இருப்பிடங்கள்

“இவிடயா தாமசம், அவிடயா?” என்று, குடியிருப்பு இங்கேயா கம்பத்திலா என உடும்பஞ்சோலை வில்லேஜ் ஆபீசர் மலையாளத்தில் கேட்டபோது, சங்கையா சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். ஏலக்காட்டின்மேல் பனிமூட்டம் அலையலையாய் ஏறிக்கொண்டிருந்தது. பினாங்குக் கடலும் இப்படித்தான் இருக்கும் என்று அவன் முடிவு செய்திருந்தான்.

கம்பத்துக்கு வந்து அவனை மணந்து, ஒரே மாதத்தில் பினாங்குக்குத் திரும்பிய சாந்தம்மாள் அந்த நாட்டுக் குடிமகள். அவளோடு வாழப் பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட்டுக்கு இருப்பிடச் சான்று வேண்டும்.

“ஏலக்கா எடுக்கிற காலத்துல இங்கய்யா. மத்த நாள்ல கம்பத்துல.”

மலையில் காடு வைத்திருந்தவர்கள் பலரும் அப்படித்தான் வாழ்ந்தார்கள். மேலே ஒரு வீடு, கீழே ஒரு வீடு. கேரளத்தில் ஒரு ரேஷன் கார்டு, தமிழ்நாட்டில் ஒன்று.

“ஓராளுக்கு ஓரிடம். அவிடத்தெ கார்டைக் கொடுத்திட்டு வரணும்” என்றார் ஆபீசர்.

சங்கையா மலையிறங்கிக் கம்பத்துக் கார்டை ஒப்படைத்தான். ஆனால் பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் அவன் இரண்டு முகவரிகளையும் எழுதியிருந்தான். விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் கீழ்முகவரிக்குப் போனார். அப்படியோர் ஆள் அங்கே குடியில்லை என்று கம்பத்துக் கர்ணம் நேர்மையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

“கர்ணம் ஐயா, நான்தானே அந்த ஆளு!”

“எனக்குத் தெரியாதாடா? ஒங்கப்பன் கல்யாணத்துல பந்தி பரிமாறுனவன் நான். கார்டு இல்லாத ஆளை இருக்கான்னு எப்படிச் சொல்றது? மேல இருக்கிறதைக் குடுத்துட்டு வா, இங்க புதுசு எழுதிருவோம்.”

மேலே இருந்ததையும் கொடுத்தான். புதுக் கார்டுக்கு ஒரு வருடம் தொடர்ந்து குடியிருந்திருக்க வேண்டும் என்றது கம்பம். உடும்பஞ்சோலையும் அதையே மலையாளத்தில் சொன்னது.

மலையேறும் வழியில், எல்லையிலிருந்த அன்னமேரியின் டீக்கடையில் அவன் உட்கார்ந்தான். மூட்டம் சாலையை, மரங்களை, அவன் கால்களைக்கூட மெல்லக் கரைத்துக்கொண்டிருந்தது. உடம்பு எடையற்று மிதப்பதுபோல் இருந்தது.

“இப்ப நீங்க எந்த ஊர்க்காரருண்ணே?” என்றாள் அன்னமேரி.

“போகப்போற ஊர்க்காரன். ஒரே நேரத்துல ரெண்டு நாட்டுக்குப் பிரஜையா இருக்க முடியாதாம்ல. அதான், இப்பவே ஒவ்வொண்ணா விட்டுப் பழகுறேன்.”

“நல்லாப் பழகுனீங்க போங்க!”

கம்பத்துப் பஸ் வெண்மைக்குள்ளிருந்து ஒரு கப்பலைப்போல் உருவெடுத்து வந்து நின்றது. கண்டக்டர் ஏசுதாஸ் படியிலிருந்து குதித்தார்.

“சங்கையாண்ணே! ஒங்க வீட்டம்மா பெட்டி படுக்கையோட உள்ள உக்காந்திருக்காக. அந்த நாட்டுக் குடியுரிமைய வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டாகளாம். இங்க பிரஜையாச் சேர, புருஷனோட இருப்பிடச் சான்று ஒண்ணு இருந்தாப் போதுமாம்!”