சம்மணம் சாரின் இரண்டு வண்டிகள்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். வண்டிகளைப் பற்றி எழுத எவ்வளவோ படித்தவர்கள் இருக்கிறார்கள். நான் பத்தாம் வகுப்பு. காளவாசல் பக்கம் ஒரு சொகுசுக் கார் ஷோரூமில், வாங்க வருகிறவர்களுக்கு வண்டியை ஓட்டிக் காட்டுகிற டிரைவர். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

என்னிடம் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். "அண்ணே, உங்க கடை வெள்ளை வண்டியா, எதிர்க்கடை நீல வண்டியா? எதை வாங்கலாம்?" இரண்டும் சின்னச் சொகுசு வண்டிகள். ஜீப் மாதிரி நிமிர்ந்து நிற்கும், கார் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். நேர்மையாகச் சொன்னால் எது நல்லது என்று எனக்குத் தெரியாது. அது தெரிந்தவர் மதுரை ஜில்லாவிலேயே ஒருத்தர்தான். அந்த வண்டிகளைச் செய்த என்ஜினியர்கள்கூட அவர் அளவுக்கு அவற்றுக்குள் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். இதை எழுதும்வரை அவர் இரண்டில் எதையும் வாங்கவில்லை.

அவருடைய பெயர் எங்கள் ஷோரூமில் யார் வாயிலும் வராது. சம்மணம் சார் என்றால்தான் தெரியும். கொட்டாம்பட்டிப் பக்கம் தோப்பும் வயலும் வைத்திருந்தவர். வில்லாபுரத்தில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருந்தார்.

முதல்முறை வந்தபோது செருப்பை வாசலில் கழற்றி விட்டுவிட்டு உள்ளே வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கக்கத்தில் ஒரு துணிப்பை. எங்கள் மேனேஜர் சின்னப் பையன். இங்கிலீஷில் மூச்சு விடாமல் எஞ்சின் பலத்தைச் சொல்லி முடித்தார். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டவர், பின் கதவைத் திறந்து ஏறி, சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே இருந்து பார்த்தால் கண்ணாடிக்குள் வைத்த காலண்டர் சாமி மாதிரி இருந்தது. ரொம்ப நேரம் கழித்துத்தான் இறங்கினார்.

"என்ன சார், பிடிச்சிருக்கா?"

"வலது முட்டி கதவுல இடிக்குது. எதிர்க்கடை வண்டில இடது முட்டி இடிக்குது. யோசிக்கணும்."

யோசிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வந்தார். காலையில் எங்கள் வண்டி, அப்புறம் ரோட்டைத் தாண்டி எதிர்க்கடை வண்டி. எதிர்க்கடை டிரைவர் ரோட்டின் நடுவே நின்று என்னைப் பார்த்துக் கத்துவான்: "மாப்ள, உங்க ஆளு வாராரு! இன்னைக்கு மொதல்ல எங்ககிட்ட அனுப்பு, நான் ஒரு காதுகுத்துக்குப் போகணும்!"

மேனேஜர் கூரையைத் திறந்து காட்டினார். பட்டனைத் தொட்டால் தலைக்கு மேல் முழுவதும் வானம். சம்மணம் சார் அண்ணாந்து பார்த்தார்.

"மதுரை வெயில்ல கூரையத் தொறந்து என்னய்யா செய்ய? வடகமா காயப்போடப் போறேன்?"

இன்னொரு வசதி, டிக்கிக்குக் கீழே காலை ஆட்டினால் அது தானாகத் திறக்கும். அவர் ஆட்டினார். திறக்கவில்லை. மறுபடி ஆட்டினார். வேட்டிதான் ஆடியது. கோயில் கொடையில் சாமியாடுகிறவர் மாதிரி இரண்டு காலையும் மாற்றி மாற்றி ஆட்டினார். வேட்டியை மடித்துக் கட்டிய பிறகு டக்கென்று திறந்தது.

"பேன்ட் போட்டவனுக்கு ஒரு மரியாதை, வேட்டி கட்டுனவனுக்கு ஒரு மரியாதையா?" என்றார். எதிர்க்கடைக்குப் போய்விட்டு வந்து, "அங்க ஆடு குறுக்க போனாலே தொறந்துக்கிருது. அம்புட்டு இரக்கமும் ஆகாது" என்று தீர்ப்புச் சொன்னார்.

ஒருநாள் தூக்குச்சட்டி நிறைய ரசம் கொண்டுவந்தார். மூடி போடாமல் டிக்கியில் வைத்து, கொட்டாம்பட்டி ரோட்டில் ஒரே டீக்கடை வரைக்கும் இரண்டு வண்டியிலும் போய் வந்தார். எங்கள் வண்டியில் குறைவாகச் சிந்தியது. எங்கள் வண்டி தொட்டில் மாதிரி, நீல வண்டி கன்றுக்குட்டி மாதிரி என்றார். நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எங்கள் வண்டியில் அடுத்து ஏறிய ஒரு டாக்டர் குடும்பம், "ஏர் ஃப்ரெஷ்னர் என்ன, மிளகா?" என்று கேட்டது.

அதற்குப் பிறகு ஷோரூமில் யாரும் அவருக்கு ஓட்ட முன்வரவில்லை. என் தலையில் கட்டினார்கள். நான் மறுக்கவில்லை. எனக்கு வீட்டில் காத்திருக்க ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்காத ஊழியன் அங்கே நான் ஒருத்தன்தான். எனக்குப் பேச்சு வராது, அவருக்குப் பதில் தேவைப்படாது. இருவருக்கும் ஒத்துப்போனது.

ஒரு ஞாயிறு, வண்டியில் பாட்டு எப்படிக் கேட்கிறது என்று பார்க்க அவருடைய போனை வண்டியோடு இணைத்துக் கொடுத்தேன். பாட்டு வருவதற்குள் போன் வந்துவிட்டது. வண்டி முழுக்க ஒரு குரல் கேட்டது: "அப்பா! கிளம்பிட்டீங்களா?"

அவர் திடுக்கிட்டுப் பக்கத்து சீட்டைத் தடவிப் பார்த்தார்.

மகன் பிரபு, கனடாவிலிருந்து. அங்கே சனிக்கிழமை ராத்திரி. வண்டி என்றால் அவனுக்கு உயிராம். அப்பா ஸ்கூட்டரில் போய் விழுந்துவிடப்போகிறார் என்று, நல்ல வண்டியாகப் பார்த்து வாங்கச் சொல்லியிருந்தான்.

"அடிப்பக்கம் தரையில இடிக்காம இருக்குமாப்பா? உயரம் பாத்தீங்களா?"

"பாத்தேம்ப்பா. அடியில ஒரு பூனை படுத்திருந்துச்சு. வண்டி எடுத்த பெறகு சோம்பல் முறிச்சுட்டுப் போச்சு."

அந்தக் குரல் சிரித்தது. அரை மணி நேரம் பேசினார்கள். டயர், பிரேக், சீட்டுத் துணியின் நிறம். நான் ஊரைச் சுற்றிக்கொண்டே இருந்தேன். சிக்னலில் பச்சை விழுந்ததும், "மெதுவாப் போ தம்பி, அவன் பேசிக்கிட்டிருக்கான்" என்று என் தோளைத் தொட்டார்.

போன் வைத்த பிறகு அவராகவே சொன்னார்.

"அவுக அம்மா போன பெறகு எனக்கும் அவனுக்கும் பேச்சே இல்ல தம்பி. சண்டையெல்லாம் இல்ல. 'சாப்டீங்களாப்பா'ம்பான். 'சாப்டேன்'ம்பேன். அதுக்குப் பெறகு ரெண்டு பேரும் மூச்சு விட்டுக்கிட்டு இருப்போம். இந்த வண்டிப் பேச்சு வந்ததுலேருந்துதான் வாரா வாரம் கூப்பிடுறான்."

நான் கண்ணாடியில் அவரைப் பார்த்தேன்.

"வாங்கிட்டா என்னத்தப் பேச?" என்றார்.

அன்றுதான் எனக்கு அவர் செய்த ஆராய்ச்சி எல்லாம் புரிந்தது. முட்டி, வேட்டி, ரசம் எல்லாமே அடுத்த ஞாயிறுக்கான சரக்கு. பிறகு ஒருநாள் அவர் இரண்டு வண்டியின் ஸ்பீக்கரையும் ஒப்பிட்டார். "உங்க வண்டில அவன் முன் சீட்டுல உக்காந்து பேசுற மாதிரி இருக்கு. அதுல திருவிழா மைக்செட்டு மாதிரி நாலு பக்கமும் கேக்குது." இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எங்கள் வண்டிதான் உசத்தி என்று தயங்காமல் சொன்னார்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. சித்திரை வெயில் ஏறிய ஒரு ஞாயிற்றுக்கிழமை மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணே, அவரு வாங்குவாரா மாட்டாரான்னு இன்னைக்கே கேட்டுட்டு வாங்க. இல்லைன்னா இதுதான் கடைசி. இனிமே வண்டி கிடையாது."

எனக்கு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. பைபாஸ் ரோட்டில் நாலு தடவை தொண்டையைக் கனைத்தேன். "தண்ணி குடி தம்பி" என்று பாட்டிலை நீட்டினார். அதற்குள் பிரபு கூப்பிட்டுவிட்டான்.

"அப்பா, போதும்ப்பா. எல்லாம் பாத்தாச்சு. எதுன்னு சொல்லுங்க, நான் இங்க இருந்தே இன்னைக்கு புக் பண்ணிர்றேன்."

சம்மணம் சார் மடித்த காலை நீட்டினார். மறுபடி மடித்தார்.

"அப்பா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேம்ப்பா."

"பக்கத்துல டிரைவர் அண்ணன் இருக்காரா? அவரு தினமும் ஓட்டுறவரு. அண்ணே, நீங்க சொல்லுங்க. எதை வாங்கலாம்?"

என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலே வியர்க்கும் எனக்கு, கனடாவிலிருந்து கேள்வி. வெள்ளை என்று ஒரு வார்த்தை சொன்னால் ஷோரூமில் எனக்குக் கைதட்டுவார்கள். கண்ணாடியில் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. வெளியே சுடுகிற ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி," என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. "ரெண்டு வண்டிலயும் மழை விழுந்தா தானா ஓடுற வைப்பர் இருக்கு. எது ஒழுங்கா ஓடுதுன்னு இன்னும் பாக்கல."

"பாட்டில் தண்ணிய ஊத்திப் பாருங்கண்ணே."

"பாட்டில் தண்ணி ஏமாத்திரும். நெசமான மழை வேணும்."

எங்கள் ஊர் வானத்தில் அப்போது பஞ்சளவுக்குக்கூட மேகம் கிடையாது. பிரபு யோசித்துவிட்டு, "அது கரெக்ட்தான்ணே. அப்பா, அண்ணன் விஷயம் தெரிஞ்சவரு. மழை வந்ததும் ஓட்டிப் பாத்துட்டு வாங்குவோம். அடுத்த வாரம் கூப்பிடுறேன், மழை வந்துச்சான்னு சொல்லுங்க" என்றான்.

ஷோரூம் வாசலில் இறங்கும்போது சம்மணம் சார், "நல்ல வைப்பர்" என்றார்.

மேனேஜரிடம் போய் மழையில் ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குவார் என்றேன்.

"மழையா? எப்போண்ணே?"

"ஐப்பசில."

மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார். "சரி, மழை பேஞ்சா மட்டும் கூப்பிடுங்க. அதுவரைக்கும் அவரு இந்தப் பக்கம் வரவேணாம்."

அதை அவரிடம் போனில் சொன்னேன். "சரி தம்பி, மழைக்கு வாரேன்" என்றார். ஐப்பசி வரைக்கும் என் ஞாயிற்றுக்கிழமைகளை என்ன செய்வது என்று அன்று ராத்திரி யோசித்தேன். அவருக்குப் போன் வரும், அது போதும் என்று படுத்துவிட்டேன்.

மறுநாள் திங்கட்கிழமை, மத்தியானம் மூன்று மணிக்குக் கோடை மழை பிடித்துக்கொண்டது. காளவாசலில் ஆட்டோக்கள் மிதந்தன. நான் ஷோரூம் வாசலில் ஒதுங்கி நின்றேன். போன் அடித்தது.

"தம்பி, அங்க மழையா?"

"இல்லையே சார். வெயில் கொளுத்துது."

"இங்கயும் அப்பிடித்தான்."

வில்லாபுரத்து மழையும் காளவாசல் மழையும் போனுக்குள் சேர்ந்து இரைந்துகொண்டிருந்தன.

"குடை வச்சிருக்கியா?" என்று கேட்டார்.

"இருக்கு சார்" என்றேன். வைத்துவிட்டார்.

என்னிடம் குடை கிடையாது. வேலை முடிந்ததும், விடாத மழையில் நனைந்துகொண்டே பஸ்ஸுக்குப் போனேன்.