வாளியில் இருபது உயிர்

"வாளியைத் தொடாதீங்க, புரியுதா? ஒண்ணுகூட வாய் திறக்கக் கூடாது. திறந்துச்சோ, என் மூணு மாச உழைப்பு அம்போதான்!"

மனைவி போனை வைத்துவிட்டாள். கடிகாரக்காரர் சமையலறை மூலையில் இருந்த நீல வாளியைப் பார்த்தார். துணி போட்டு மூடி, நூலால் கட்டியிருந்தது. உள்ளே இருபது சிப்பிகள். நான்கு மணிக்கு அவள் வேலை பார்க்கும் சிப்பிப் பண்ணையில் பரீட்சை. கேள்வித்தாளே இந்த வாளிதான். பண்ணையில் வைத்தால் கசிந்துவிடும் என்று நேற்று வீட்டுக்குத் தூக்கி வந்திருந்தாள். கேள்வி என்னவென்று அவளுக்கும் அங்கிருக்கும் கிடங்குக்காரருக்கும் மட்டும்தான் தெரியும். வாளியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது கணவரின் பொறுப்பு.

அவளிடம் படிப்பவர்கள் எட்டுப் பேர். ஒருவர் பழைய பஸ் கண்டக்டர், ஒருத்தி தையல்காரி, மற்றவர்களும் அந்த மாதிரிதான். மூன்று மாதத்துக்கு முன் சிப்பிக்கு வாய் எந்தப் பக்கம் என்றே தெரியாதவர்கள். கூடையில் நெருக்கியடிக்காதே, அளவு பத்தாததைக் கடலுக்கே திருப்பு, தினமும் தண்ணீரைச் சோதி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்து, விரலெல்லாம் ஓடு கிழித்த காயத்தோடு வீடு திரும்புவாள். அத்தனை பேரும் தேறினால்தான் பண்ணைக்குச் சான்றிதழ். இல்லாவிட்டால் எட்டுப் பேருக்கும் வேலை இல்லை. அவளை நினைத்தால் கடிகாரக்காரருக்கு அவ்வளவு பெருமை.

ஆனால் தொடாதே என்றால் தொடாமல் இருக்கக்கூடிய ஆளா அவர்? அசையாமல் கிடக்கும் எதைப் பார்த்தாலும் கை நமநமக்கும் பிறவி. சும்மா ஒரு பார்வை என்று நூலை அவிழ்த்தார். உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை.

"அடப்பாவமே! நேத்துலேருந்து தாகத்தோட கிடக்குதுங்களே!"

குழாயைத் திறந்து வாளியை நிரப்பிவிட்டு, திருப்தியாகப் போய் மேஜையில் உட்கார்ந்தார். பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டிய பிறகுதான், சாப்பிடும்போது அவள் எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. நல்ல தண்ணி சிப்பிக்கு ஆகவே ஆகாதுங்க.

துள்ளி எழுந்து ஓடினார். தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீர் பிடித்து, ஒரு பாக்கெட் உப்பை அப்படியே கவிழ்த்துக் கரண்டியால் கலக்கினார். ரிப்பேருக்குக் கொடுத்த சுவர்க் கடிகாரத்தை வாங்கிப்போக வந்த எதிர்வீட்டம்மா எட்டிப் பார்த்தாள்.

"என்ன அண்ணே, இன்னைக்கு உங்க சமையலா?"

"சமையலாவது ஒண்ணாவது! உயிர்ம்மா, இருபது உயிர்! அசையவே மாட்டேங்குது."

"மூச்சு முட்டுதோ என்னமோ. எங்க மீன் தொட்டியில காத்து பம்ப் இருக்கு, எடுத்துட்டு வரட்டா?"

பம்ப் வந்தது. அவள் வீட்டு மீன்கள் தற்காலிகமாகக் குக்கருக்குக் குடிபோயின. வாளியில் நுரை பொங்கியது. அரை மணி நேரத்தில் ஒரு சிப்பி வாயைப் பிளந்தது. அடுத்து இன்னொன்று, பிறகு வரிசையாக எல்லாமே. உள்ளே கறுப்பாக, கொழகொழவென்று ஏதோ இருந்தது. நாற்றம் குடலைப் பிடுங்கியது.

"அழுகியே போச்சு அண்ணே!" என்று எதிர்வீட்டம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

கடிகாரக்காரர் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று மனைவிக்குப் போன் போட்டார்.

"எல்லாம் பத்திரமாத்தானே இருக்கு?" என்றாள் அவள், அத்தனை ஆசையாக.

"ப... பத்திரம்."

"வாய் எதுவும் திறக்கலையே?"

"சேச்சே. இங்க யாருமே வாய் திறக்கலை."

இருபதையும் பூந்தொட்டியில் புதைத்துவிட்டு, வாளியோடு மீன் சந்தைக்கு ஓடினார். அதே மாதிரி, அதே அளவில் இருபது சிப்பிகளை மீன்காரம்மாவிடம் கெஞ்சி வாங்கி, துணியை மூடி நூலைக் கட்டியபோது மணி மூன்றரை.

பண்ணை வாசலில் கிடங்குக்காரர் வாளியை வாங்கிக்கொண்டார். "டாண்ணு கொண்டு வந்துட்டீங்களே சார்!" என்று சிரித்தார்.

சான்றிதழ் அதிகாரி மேஜையில் இரண்டு தட்டுகளை வைத்தார். உயிருள்ளது இதில், செத்தது அதில். திறக்கக் கூடாது, ஒன்றோடொன்று தட்டி, சத்தத்தை வைத்தே சொல்ல வேண்டும். உயிருள்ளது கூழாங்கல் மாதிரி கணீரென்று கேட்கும். செத்தது டொக்கென்று மந்தமாகக் கேட்கும். ஒரு செத்த சிப்பி மூட்டைக்குள் போனால் சாப்பிடுகிறவர் ஆஸ்பத்திரியில்தான் படுப்பார்.

கண்டக்டர் இருபதையும் தட்டினார். இருபதையும் உயிர்த் தட்டிலேயே வைத்தார். டீச்சரான மனைவியின் முகம் வெளுத்தது. அடுத்து வந்தவரும் அப்படியே. எட்டாவதாகத் தையல்காரி.

"எல்லாம் உயிரோடதான் இருக்கு. ஆனா இது ஒண்ணு அளவு பத்தலை, சார். இதைக் கடலுக்கே திருப்பி அனுப்பணும்."

ஓரமாக நின்றிருந்த கடிகாரக்காரர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதிகாரி டீச்சரின் விடைக் கவரைப் பிரித்துப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "உங்க டீச்சர் வேற மாதிரி எழுதியிருக்காங்களே!"

செத்தது சிலதையும் கலந்து வைத்திருந்தாளோ! கடிகாரக்காரருக்கு இப்போதுதான் உறைத்தது.

"இன்னொரு தடவை... நிதானமா தட்டிப் பாருங்க," என்றாள் டீச்சர்.

கண்டக்டர் மறுபடி தட்டினார். "டீச்சர், கோவிச்சுக்காதீங்க. உங்களையே நம்பக் கூடாது, காதைத்தான் நம்பணும்னு சொன்னது நீங்கதான். இதுல ஒண்ணும் சாகலை. எழுதித் தர்றேன்."

"நானும்," என்றாள் தையல்காரி. மற்ற ஆறு பேரும் தலையாட்டினார்கள்.

அதிகாரி கத்தியை எடுத்தார். அளவு பத்தாததை ஒதுக்கிவிட்டு, மற்றவற்றை ஒவ்வொன்றாகத் திறந்தார். கொழுகொழுவென்று எல்லாம் உயிரோடு இருந்தன. கத்தியைக் கீழே வைத்தார்.

"பன்னிரண்டு வருஷமா பரிட்சை வைக்கிறேன். டீச்சரையே எதிர்த்துச் சரியான விடை சொன்ன மாணவங்களை இன்னைக்குத்தான் பார்க்கிறேன். பாடம் நடத்தினா இப்படி நடத்தணும், அம்மா! எட்டுப் பேரும் பாஸ்."

ஒரே ஆரவாரம். தையல்காரி டீச்சரைக் கட்டிக்கொண்டாள். டீச்சர் அழுதாள், சிரித்தாள், மறுபடி வாளியைப் பார்த்தாள். அவ்வளவு கெட்டிக்கார மனைவி வாய்த்ததற்காகக் கடிகாரக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நைசாக வாசல் பக்கம் நகர்ந்தார்.

கிடங்குக்காரர் மட்டும் அசையாமல், திறந்த வாய் மூடாமல் நின்றிருந்தார்.

"டீச்சரம்மா, சாரு கடிகாரம் ரிப்பேர் பண்றவர்னுதானே சொன்னீங்க? நேத்து நீங்களும் நானும் உட்கார்ந்து இருபது வெறும் ஓட்டுல சேத்தை அடைச்சுப் பசை போட்டு ஒட்டினோமே, அத்தனைக்கும் ஒரே நாள்ல உயிர் வர வெச்சுட்டாரே!"