அமாவாசை அன்னிக்குப் பாசிக்கு உப்பு போட்ட கதை

இதைப் படிச்சா சிரிப்பீங்க. கேரண்டி. ஆனா இப்போ இல்லை. முதல்ல கொஞ்சம் உப்பைப் பத்திப் பேசணும்.

வேலை ரொம்பச் சின்னது. எங்க மந்தைவெளி வீட்டு ஹால் ஜன்னல்ல ஒரு கண்ணாடிக் குடுவை. உள்ளே பச்சைத் தண்ணி. உப்பளத்துல வாழற பாசி, ஒவ்வொண்ணும் கண்ணுக்கே தெரியாத சைஸ். எம்.எஸ்ஸி. படிக்கற என் அக்கா வைதேகி நாலு மாசமா அதைக் குழந்தை மாதிரி வளர்க்கறா. சாயங்காலம் அடையாறு லேப்ல சார்கிட்ட உயிரோட காட்டணும். காட்டினாத்தான் மார்க்.

"மாலு, பத்து மணிக்கு இந்தப் பொட்டலத்து உப்பைப் போடு. வேற எதையும் தொடாதே"ன்னு சொல்லிட்டு, டெய்லர்கிட்ட பிளவுஸ் வாங்க டி.நகர் கிளம்பிட்டா.

பத்துக்குப் போட்டேன். கரெக்டா போட்டேன்! அதோட நிறுத்தியிருந்தா நானும் மனுஷி.

ஆனா எனக்கு யார் குரலும் வருமே! வெச்சுண்டு சும்மா இருக்க முடியுமா?

அக்கா வெளியே போனது அப்பாவுக்குத் தெரியாது. அவ ரூம் கதவுக்குப் பின்னாடி நின்னேன். அக்கா குரலை எடுத்தேன்: "அப்பா! குடுவைல உப்பு போட்டாச்சா? அந்த மாலு மறந்திருப்பா, தூங்குமூஞ்சி!"

அப்பா பேப்பரை மடிச்சார். குடுவையை உத்துப் பார்த்தார். தலையைச் சொறிஞ்சுண்டு சமையலறைப் பக்கம் போனார். நான் வாயைப் பொத்திண்டேன்.

அப்பா உப்பைப் போட்டுட்டுக் குளிக்கப் போனதும், அடுத்தது அம்மா. அப்பா குரல், அந்தத் தொண்டைக் கனைப்போட: "ஏண்டி, குழந்தையோட குடுவைக்கு உப்பு போட்டியோ?"

"ஏன்னா, சாம்பாருக்கே போட்டேனான்னு தெரியலை! இருங்கோ, வரேன்!"

நான் மறந்தது ஒண்ணே ஒண்ணு. அன்னிக்கு அமாவாசை. எங்காத்துல காக்காக்குச் சாதம் வைக்கற வரைக்கும் யாரும் ருசி பார்க்கக் கூடாது. உப்பு போட்டோமான்னு சந்தேகம் வந்தா, எதுக்கும் இன்னொரு கை போட்டு வைக்கறதுதான் வழக்கம். எங்காத்து அமாவாசை சாம்பாரைப் பத்தி நான் எதுவும் சொல்ல விரும்பலை.

சிரிச்சுண்டே குடுவைகிட்ட போனேன்.

அடியில கல்லுப்பு! அப்பா ஒரு கை, அம்மா ஒரு கை!

சிரிப்பு நின்னுது. நாலு மாசக் குழந்தையாச்சே! பிழைக்குமான்னு யாரைக் கேக்கறது? தெரிஞ்சது அக்கா ஒருத்திதான்.

அப்பா நேத்துதான் புது சிம் வாங்கியிருந்தார். அக்காவுக்குத் தெரியாத நம்பர். அதுலேர்ந்து அவளுக்குப் போன் போட்டு, அவ லேப் சார் குரலை எடுத்தேன்.

"ம்ம்... ரைட், ரைட். வைதேகி, சின்னக் கேள்வி. உப்பு திடீர்னு மூணு மடங்கு ஏறினா உன் பாசி என்ன ஆகும்?"

பின்னாடி தையல் மிஷின் கடகடன்னு ஓடறது. அக்கா வைவா பரீட்சைல சொல்ற மாதிரி ஒப்பிச்சா. "சார்! உள்ளே இருக்கற தண்ணி வெளியே போய் செல் சுருங்கிடும் சார். இதுக்குக் கெட்டிச் சுவர் கிடையாது, மெல்லிசு தோல்தான். அதனால உடையாம சுருங்கும்."

"செத்துடுமா?" குரல் கீச்சுன்னு போச்சு. கனைச்சேன். "ஐ மீன்... சாகுமா?"

"சாகாது சார்! உள்ளே நுழையற சோடியத்தைத் தோல்ல இருக்கற புரதங்கள் பம்பு மாதிரி வெளியே தள்ளிண்டே இருக்கும். வெளியே இருக்கற உப்புக்கு ஈடா உள்ளே கிளிசரால் தயார் பண்ணிக்கும். அது சேரச் சேரத் தண்ணி திரும்ப உள்ளே வரும். பழைய சைஸுக்கு வந்துடும் சார்!"

"சாயங்காலத்துக்குள்ளயா?"

"வந்துடும் சார்."

"அப்பாடி!... ம்ம், ரைட், ரைட்."

அப்போ பால்கனிலேர்ந்து அம்மா. "கா... கா... கா! மாலூ! காக்கா எடுத்துடுத்து, இலை போட வாடீ!"

போன்ல தையல் மிஷின் சத்தம் தள்ளிப் போச்சு. அக்கா கடைக்கு வெளியே வந்துட்டா.

"சார், உங்காத்துலயும் ஒரு மாலு இருக்காளா?"

"ம்ம்... ரைட்..."

"அடியே! மொத்தம் எத்தனை கை உப்புடீ போட்டே?"

சுருங்கிட்டேன். பாசிக்காவது கிளிசரால் இருக்கு.