ஒழுங்கையார் கடந்த பாலம்

இரண்டு இடங்களுக்கு நடுவே ஆக நீளமான வழி எது என்று கண்டுபிடிப்பதில் எங்கள் ஒழுங்கையாரை வெல்ல மன்னார்த் தீவில் மட்டுமல்ல, இந்த இலங்கைத் தீவிலேயே ஆள் கிடையாது. நாங்கள் வேலைபார்க்கும் அரசாங்கக் கந்தோரிலிருந்து தபாற்கந்தோருக்கு நடந்தால் ஐந்து நிமிடம். அவர் சைக்கிளில் போய்ச் சேர முக்கால் மணித்தியாலம். ஒருமுறை அவசரக் கடிதம் ஒன்றைப் பதிவுத் தபாலில் போட்டுவரும்படி அனுப்பினோம். போனார், வந்தார், கடிதத்தை மேசையில் அப்படியே வைத்தார்.

"பூட்டிட்டாங்கள். நாளைக்கு வெள்ளனப் போறன்."

அடுத்த நாள் பௌர்ணமி, போயா விடுமுறை.

ஒழுங்கை என்றால் எங்கள் பக்கத்தில் வேலிகளுக்கு நடுவே வளைந்து போகும் சின்னத் தெரு. பெரிய றோட்டில் சைக்கிள் மிதிக்க மாட்டார் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

பழைய கோவைகள் அடுக்கிய பின்னறைதான் அவர் இடம். காலாவதியான படிவங்களின் பின்பக்கங்களைத் தைத்து ஒரு கொப்பி வைத்திருந்தார். அதில் பள்ளிமுனை தொடங்கிப் பேசாலை வரைக்கும் லொறி நுழையாத வழிகள் எல்லாம் கோடு கோடாய்க் கிடந்தன. நான் எருக்கலம்பிட்டியான். ஆனால் சின்ன வயதிலேயே ஊரைவிட்டுப் போய்ப் புத்தளத்தில் வளர்ந்து, வேலை கிடைத்தபின் திரும்பி வந்தவன். எனக்குத் தெரிந்ததெல்லாம் பஸ் போகும் வழி மட்டும். அதனால் ஓய்வு நேரத்தில் அவருடைய கொப்பியைப் புரட்டுவேன்.

"இந்த வட்டம் என்ன அண்ணை?"

"நாய். குலைக்கிற நாய்."

"இந்தப் புள்ளி?"

"அதுவும் நாய்தான். ஆனா குலையாது. அதுக்குத்தான் காலைத் தூக்கவேணும்."

"ஊர் முழுக்கக் கழுதை நிக்குதே, அதைக் குறிக்கேல்லையோ?"

அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். "கழுதை ஹோர்ன் அடிக்குமோ தம்பி?"

இப்படி எங்களுக்குச் சிரிக்கக் கிடைத்த மனிதர், ஒரே மாதத்தில் கந்தோரின் முக்கியப் புள்ளியானார். பெற்றோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற காலம் வந்தது. மோட்டார் சைக்கிள்களைத் துணிபோட்டு மூடிவிட்டு எல்லோரும் பழைய சைக்கிள்களைத் தூசி தட்டினோம். பின்னறை வாசலில் வழி கேட்டுக் கூட்டம். டொக்டர் நோயாளியை விசாரிப்பதுபோல ஒழுங்கையார் ஒவ்வொருவரையும் விசாரிப்பார்.

"உங்களுக்கு எதுக்குப் பயம்? நாய்க்கோ, மணலுக்கோ, ஆக்களுக்கோ?"

நாற்பத்தைந்து வயதில் சைக்கிள் பழகத் தொடங்கிய எங்கள் தட்டெழுத்தாளர் அம்மா, ஆக்களுக்குத்தான் பயம் என்றார். விழுந்தால் ஒருவரும் பார்க்கக்கூடாதாம். அவருக்குக் கல்லறைகள் உள்ள சேமக்காலை மதிலுக்குப் பின்னால் ஒரு வழி கொடுத்தார். "அங்க படுத்திருக்கிற ஆக்கள் ஒருத்தரும் எழும்பிப் பாக்காயினம்."

எங்கள் அதிகாரிக்கும் அதே பிரச்சினை. ஜீப்பில் போய்வந்த மனிதர் சைக்கிளில் போவதைப் பொதுமக்கள் காணலாமா? ஒழுங்கையார் அவருக்கு ஆடுகளும் பனைமரங்களும் மட்டுமே உள்ள ஒழுங்கை ஒன்றை வரைந்து கொடுத்தார். முதல் நாள் அதிகாரி அதில் திரும்பியபோது, ஒழுங்கைச் சனம் அவ்வளவு பேரும் கையில் விண்ணப்பத்தோடு வரிசையாக நின்றார்கள். குழாய்த் தண்ணீர், தெரு விளக்கு, காணி உறுதிப் பத்திரம். கந்தோருக்கு வந்து காத்திருந்து களைத்தவர்கள். அதிகாரி பதினொரு மணிக்கு வேர்த்து வந்து சேர்ந்தார்.

"ஆர் அவையளுக்குச் சொன்னது?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை சேர். எட்டு மணிக்குப் பெரியவர் வருவார், பயப்படாமல் கதையுங்கோ எண்டு மட்டும்தான் சொன்னனான்."

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த நாட்களில் ஒழுங்கையார் மூன்று நாள் லீவு கேட்டார். அவர் லீவு எடுத்து ஒருவரும் கண்டதில்லை. முதல் நாள் காலையிலேயே பின்னறைப் பூட்டின் திறப்பு தேவைப்பட, அதை வாங்க அவர் வீட்டுக்கு நான் போனேன்.

முற்றத்தில் சைக்கிளின் பின் கரியரில் ஒரு தலையணையைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய மனைவி றீற்றா அக்கா, கோயிலுக்குப் போகும் சேலையில், சின்னப் பிள்ளைபோல அவசரப்பட்டுக்கொண்டு நின்றார். பிள்ளைகள் இல்லாத வீடு.

"எங்கயண்ணை பயணம்?"

"இலுப்பைக்கடவைக்கு. அவவின்ர ஊருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது. நேர்வழியில் போனாலே நாற்பது கிலோமீற்றருக்குக் கிட்ட வரும். இவர் வழியில் போனால் இந்தியாவே வந்துவிடும். அக்கா தண்ணீர்ப் போத்தல் எடுக்க உள்ளே போனபோது அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அவ லொறிச் சத்தம் கேட்டாக் குந்திடுவா தம்பி. காதைப் பொத்திக்கொண்டு நடுறோட்டிலயே குந்திடுவா. ஷெல் வருது எண்டு நினைப்பு. கடைசிச் சண்டையில அங்கயிருந்து வெளிக்கிட்டு, றோட்டு றோட்டாத்தானே நாங்கள் ஓடினனாங்கள்."

"டொக்டரிட்டக் காட்டேல்லையோ?"

"காட்டினனான். குளிசை தந்தவை. போட்டா நித்திரைதான். நித்திரையா இருக்கிற ஆளைக் கரியரில வச்சு ஓடேலாதே."

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவைக் கரியரில் இருத்தி ஒழுங்கைகளால் கடற்கரைக்குக் கூட்டிப்போவாராம். அக்கா வீட்டைவிட்டு வெளியே வருவது அந்த ஒரு நாள்தான். மற்ற நாட்களில் ஒழுங்கையார் தனியே சுற்றியதெல்லாம் அதற்காகத்தான். யாராவது புதிதாக வீடு கட்டத் தொடங்கினால் அந்த ஒழுங்கைக்குள் மணல் டிப்பர் வரும். அதை முன்கூட்டியே பார்த்து, வரும் ஞாயிறுக்கு வேறு வழி தேடவேண்டும். தபாற்கந்தோருக்குப் போக அவருக்கு முக்கால் மணித்தியாலம் எடுத்தது ஏன் என்று அன்றுதான் எனக்கு விளங்கியது. நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்த வருடங்களும் நினைவுக்கு வந்தன.

தீவுக்குள் எத்தனையோ ஒழுங்கைகள். ஆனால் தீவைவிட்டு வெளியே போக ஒரேயொரு பாலம். கடலுக்கு நடுவே நேர்கோடாகக் கிடக்கும் அந்தத் தார் றோட்டுக்கு ஒழுங்கை ஏது? பக்கத்தில் ரயில் பாலம் ஒன்று உண்டு. அதையும் ஒருநாள் போய்க் காலடியால் அளந்து பார்த்தாராம், சைக்கிள் போக இடமில்லை. ஆகவே பத்து வருடத்துக்கு மேலாக றீற்றா அக்கா தன் தாய் தகப்பனின் கல்லறைக்கு ஒரு மெழுகுதிரி கொண்டுபோகவில்லை.

"இப்ப பாலம் வெறுமையாக் கிடக்கு தம்பி. நேற்று ஒரு மணித்தியாலம் நிண்டு பாத்தனான். ஒரு பஸ், ரெண்டு சைக்கிள், ஒரு கூட்டம் ஆடு. அவ்வளவுதான்."

அக்கா போத்தலோடு திறப்பையும் எடுத்து வந்து என்னிடம் தந்துவிட்டு, கரியரில் ஏறி உட்கார்ந்தார். "தம்பி, திறப்பைப் பத்திரமா வைச்சிருங்கோ" என்று எனக்குச் சொல்லிவிட்டு, ஒழுங்கையாரின் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் பின்னேரம் திரும்பி வந்தார்கள். ஒழுங்கையாரின் முகம் வெயிலில் கறுத்து, உதடு வெடித்திருந்தது. அடம்பன் பக்கம் வாய்க்கால் கரையால் போனதாகவும், வழியில் சொந்தக்காரர் வீட்டில் தங்கியதாகவும் சொன்னார். பாலத்தின் நடுவில் அக்கா சைக்கிளை நிறுத்தச் சொன்னாராம். இறங்கி, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு அரை மணித்தியாலம் நின்றாராம்.

"வாங்கோ போவம் எண்டன். கொஞ்சம் பொறுங்கோ எண்டிட்டா. வாயைத் திறந்து பாட்டும் படிச்சவ. மாதா பாட்டு."

அந்த மாதங்களில் நான்கைந்து தடவை போய் வந்தார்கள். நாடு முழுவதும் சபித்துக்கொண்டிருந்த நாட்கள் ஒரு வீட்டுக்கு மட்டும் திருநாளாக இருந்தன.

பிறகு பெற்றோல் வந்தது. ஜீப் கந்தோர் வாசலில் வந்து நின்றபோது எல்லோரும் கைதட்டினோம். தேநீரும் கேக்கும் வந்தன. ஒழுங்கையாரின் பங்கை நான் பின்னறைக்குக் கொண்டுபோனேன். கொப்பியை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"பாலம் போச்சு, என்னண்ணை?"

"நல்லதுதானே தம்பி. ஆஸ்பத்திரிக்கு ஓடுற சனத்துக்குப் பெற்றோல் வேணும்தானே." கேக்கைக் கடுதாசியில் சுற்றிப் பையில் வைத்தார். அக்காவுக்காக.

அடுத்த மாரிக்காலத்தில் றீற்றா அக்கா நெஞ்சுநோவோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். இரண்டு நாள்தான். தாய் தகப்பனுக்குப் பக்கத்திலேயே தன்னை அடக்கம் செய்யவேண்டும் என்று முன்பே சொல்லி வைத்திருந்தாராம்.

பெட்டி ஏற்றிய வாகனத்தில் சாரதிக்குப் பக்கத்தில் ஒழுங்கையார் இருந்தார். நாங்கள் பின்னால் ஒரு பஸ்ஸில். பாலத்தில் ஏறிக் கொஞ்சத் தூரம் போயிருப்போம். இரண்டு வாகனங்களுக்கும் நடுவில் புகுந்த லொறி ஒன்று, முந்த இடமில்லாமல், விடாமல் ஹோர்ன் அடித்தது. முன்னால் போன வாகனம் நின்றது. ஒழுங்கையார் இறங்கினார். சண்டைக்குப் போகிறார் என்று நினைத்து நாங்களும் இறங்கி ஓடினோம்.

அவர் லொறியின் கதவுப்பக்கம் போய், மரியாதையாக நின்று, மேலே பார்த்துச் சொன்னார்.

"தம்பி, கொஞ்சம் ஹோர்ன் அடியாமல் வாறீங்களோ? எங்கட மனுசி முன்னுக்கு இருக்கிறா. அவ பயப்படுவா."

லொறிச் சாரதி முன்னால் நின்ற வாகனத்தைப் பார்த்தான். அதில் கட்டியிருந்த வெள்ளைக்கொடியைப் பார்த்தான். செத்துப்போனவருக்கு என்ன பயம் என்று அவன் கேட்கவில்லை. "ஓம் ஐயா" என்றுவிட்டு எஞ்சினை நிறுத்தினான். அவனுக்குப் பின்னால் எங்கள் பஸ்ஸும், அதற்குப் பின்னால் வந்தவையும் ஒவ்வொன்றாக நின்றன. பெட்டி ஏற்றிய வாகனம் அக்கரையைத் தொடும்வரைக்கும் அந்தப் பாலத்தில் கடற்காற்றைத் தவிர வேறு சத்தம் இல்லை.

முப்பத்தோராம் நாள் நினைவுப் பூசை முடிந்து அவர் வேலைக்கு வந்தார். எட்டு மணிக்கு முன்னமே வந்துவிட்டார். பெரிய றோட்டால் வந்திருந்தார்.

அன்று பின்னேரம் அவருக்குப் பின்னால் போனேன். நடுறோட்டில், பின்னால் என்ன வருகிறது என்று திரும்பிக்கூடப் பாராமல் மிதித்துக்கொண்டிருந்தார். ஒரு டிப்பர் அவருடைய சட்டையை உரசுகிற மாதிரிக் கடந்து போனது. எட்டிப் பிடித்தேன்.

"ஒழுங்கையால போகலாமே அண்ணை?"

"ஆருக்காகத் தம்பி?"

மோட்டார் சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு இப்போது நானும் சைக்கிளில்தான் கந்தோருக்கு வருகிறேன். உடம்புக்கு நல்லது என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். பின்னேரங்களில் எருக்கலம்பிட்டிச் சந்திவரை இரண்டு பேரும் ஒன்றாகப் போவோம். அதிகம் பேசுவதில்லை. அவரை றோட்டின் கரைப்பக்கம் விட்டு, லொறி வரும் பக்கம் நான் மிதிக்கிறேன்.