மந்தைவெளி மூன்றாம் மாடியில் கங்கை

யாராவது என்னைப் பார்த்து "பிரமாதம் சார்" என்று சொல்லிவிட்டால், அடுத்த ஒரு மணி நேரத்துக்கு என் மூளை வேலை செய்யாது. இதை நாற்பத்தைந்து வயதில் ஒப்புக்கொள்கிறேன். சில வருடங்களுக்கு முன்பே ஒப்புக்கொண்டிருந்தால், அடுத்தவருடைய மொட்டை மாடிக்கு நான் என் செலவில் தளம் போட்டுக் கொடுத்திருக்க மாட்டேன்.

அப்போது நானும் என் மனைவி வைதேகியும் மந்தைவெளியில் ஒரு கடைக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தோம். எட்டு பழைய கம்ப்யூட்டர்கள். அவைதான் எங்கள் சொத்து, சோறு எல்லாம். எங்களுக்கு மேலே மொட்டை மாடி. மழை பெய்தால் அந்த மாடி தண்ணீர் முழுவதையும் சேர்த்து வைத்துக்கொள்ளும். பிறகு அவசரமே இல்லாமல் எங்கள் தலையில் இறக்கும். ஊரெல்லாம் மழை நின்று வெயில் அடிக்கும், எங்கள் வகுப்பில் மட்டும் இரண்டு நாள் பெய்துகொண்டிருக்கும். குடை பிடித்துக்கொண்டு டைப் அடித்த மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். (ஒரு பையன் ரெயின்கோட்டிலேயே வந்து உட்கார்ந்தான். விவரமானவன்.)

கட்டட ஓனர் சபாபதி கே.கே. நகரில் இருந்தார். மூன்று வருடம் அவருக்குப் போன் செய்தேன்.

"அது ஏசி தண்ணியா இருக்கும் தம்பி."

"என்கிட்ட ஏசியே இல்ல சார்."

"அப்போ பக்கத்து பில்டிங் ஏசி."

மழைக்காலத்தில் கூப்பிட்டால், "மழை நிக்கட்டும், வந்து பாக்குறேன்" என்பார். மழை நின்றபின் கூப்பிட்டால், "இப்பதான் ஒழுகலையே, அப்புறம் என்ன?" என்பார். வாட்ஸப்பில் வீடியோ அனுப்பினேன். கும்பிடு போடும் இரண்டு கைகள் பதிலாக வந்தன. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கொத்தனார் ஏழுமலையை நானே கூட்டிவந்து காட்டினேன். அவர் மாடியைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"வாட்டமே இல்ல சார். தண்ணி இங்க கீது, ஓட்டை அங்க மேட்டுல கீது. தண்ணி இன்னா ஏணி வச்சி ஏறிப் போவுமா?"

தண்ணீர் வெளியேற இன்னொரு மூலையில் இருந்த இரண்டாவது ஓட்டைதான் ஏதோ பேருக்கு வேலை செய்துகொண்டிருந்தது. "தளத்தை ஒட்ச்சிட்டு வாட்டம் குட்த்து புச்சா போட்ணும். ஓனரை இட்டாந்து காட்டு சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வருடம் நவராத்திரிக்கு வகுப்பிலேயே கொலு வைத்தோம். பிள்ளைகளின் அம்மாக்கள் வந்து பார்த்தால் நாலு பேர் சேருவார்கள் என்பது வைதேகியின் கணக்கு. அவளே இன்னொரு யோசனையும் சொன்னாள்.

"ஏன்னா, ஓனர் ஆத்துக்காரியைக் கொலுவுக்குக் கூப்பிடலாம். சனிக்கிழமை அவர்தானே கார்ல கூட்டிண்டு வரணும்? ஒழுகறதை நேர்ல பார்த்தா மனசு இரங்காதா?"

நல்ல திட்டம். நான் சும்மா இருந்திருந்தால் பலித்திருக்கும்.

கொலு வைத்த இரண்டாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. நாலாம் படிக்கு நேர் மேலே சொட்டத் தொடங்கியது. வாளி வைத்தால் அசிங்கமாக இருக்கும். நான் யோசித்தேன். (இந்தக் கட்டுரையில் நான் யோசித்த இடமெல்லாம் ஆபத்தான இடம்.) சிவன் பொம்மையை எடுத்துச் சொட்டுக்குக் கீழே வைத்தேன். தண்ணீர் சரியாகச் சடையில் விழுந்து வழிந்தது. கீழே ஒரு பித்தளைத் தாம்பாளம், கூழாங்கல், பின்னால் நீல சீரியல் லைட். கங்கை!

அன்று மாலை வந்த ஒரு பையனின் அம்மா, "பிரமாதம் சார்!" என்றார். போயிற்று, என் மூளை நின்றுவிட்டது. பொம்மைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்து, 'என் கைவண்ணத்தில் கங்கை' என்று ஸ்டேட்டஸ் வைத்தேன். மறுநாள் மயிலாப்பூரிலிருந்தெல்லாம் பெண்கள் பார்க்க வந்தார்கள். சுண்டல் ஐந்தரைக்கே தீர்ந்தது.

மழை நின்று இரண்டு நாள் ஆகியிருந்தது; சனிக்கிழமை விடிந்தால் பளீரென்று வெயில். மதியத்துக்குள் கங்கை வற்றிவிட்டது. ஓனர் வரும் நாளில் ஒழுகாவிட்டால் மூன்று வருடப் போராட்டம் வீண். அது ஒரு காரணம். அடையாறிலிருந்து வேறு ஒரு கோஷ்டி கங்கையைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தது. அது இன்னொரு காரணம். எதற்காக மாடி ஏறினேன் என்று இன்று கேட்டால், இரண்டாவதுதான்.

தண்ணீர்த் தொட்டியிலிருந்து ஹோஸ் பைப்பை இழுத்துத் தளத்தில் விட்டேன். தண்ணீர் அந்த இரண்டாவது ஓட்டை வழியாக ஓடப் பார்த்தது. கழுத்தில் கிடந்த துண்டை எடுத்து ஓட்டையில் திணித்து அடைத்தேன். அரை மணியில் கீழே சொட்டு விழுந்தது. குழாயைக் கொஞ்சமாகத் திறந்தபடியே விட்டுவிட்டு வந்து, புதுச் சட்டை போட்டுக்கொண்டேன்.

ஓனரும் அவர் மனைவியும் ஐந்து மணிக்கு வந்தார்கள். அந்த அம்மா கொலுவைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"எவ்ளோ அழகா இருக்கு! மோட்டார் சத்தமே கேக்கலையே, எங்க வச்சிருக்கீங்க?"

வைதேகி என்னைப் பார்த்தாள். 'இது ஒழுகல் அம்மா' என்று சொல்லத்தான் இத்தனை பாடும். நானும் வாயைத் திறந்தேன்.

"மோட்டார் எதுக்கும்மா? மேலேர்ந்தே வர மாதிரி நானே செட் பண்ணிருக்கேன்!"

வைதேகி கண்ணை மூடிக்கொண்டாள். ஓனர் மெதுவாக அண்ணாந்து சீலிங்கைப் பார்த்தார்.

"மேலேர்ந்தா? அப்போ என் தளத்துல ஓட்டை போட்டது நீங்கதானா தம்பி?"

"ஐயோ, இல்ல சார்! இது ஒழுகல் சார்! மூணு வருஷமா சொல்றேனே!"

"செட் பண்ணேன்னு இப்பதானே சொன்னீங்க? ஸ்டேட்டஸ்கூட பாத்தேனே. வாங்க, மேல போய்ப் பாப்போம்."

மூன்று வருடம் கெஞ்சியும் மாடி ஏறாத மனிதர் இரண்டிரண்டு படியாக ஏறினார். நான் பின்னாலேயே ஓடினேன். மாடியில் கணுக்கால் அளவு தண்ணீர். நடுவில் ஹோஸ் பைப் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஓனர் ஓட்டைக்குள் கையை விட்டு என் துண்டை உருவினார். அவர் வீட்டில் திருடும்போது என்னைக் கையும் களவுமாகப் பிடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு அவமானமாக இருந்திருக்காது.

"இது யாருது தம்பி?"

மூன்று வருடமாக நான் சொன்னதெல்லாம் உண்மை. அதை இனி அந்த மனிதர் மட்டுமல்ல, யாருமே நம்ப மாட்டார்கள் என்று தெரிந்தது. அழுகையே வந்துவிட்டது.

அப்போது கீழே வைதேகி அலறினாள். நான் விட்ட தண்ணீர் புதிதாக மூன்று வழி கண்டுபிடித்திருந்தது. இரண்டு கம்ப்யூட்டர்கள் நனைந்து அணைந்துவிட்டன. அவள் அம்மா கொடுத்த காகிதக்கூழ் கல்யாண செட்டில் மாப்பிள்ளையின் தலை கரைந்து மடியில் கிடந்தது. அடையாறு கோஷ்டி வாசலில் நின்று, "கங்கைன்னா இப்படி இருக்கணும்" என்று போன் பிடித்துக்கொண்டிருந்தது.

"பொம்மை மாப்பிள்ளைக்கும் தலை இல்லையா?" என்று மட்டும் கேட்டாள் வைதேகி. அந்தத் துண்டு அவள் அம்மா எனக்குத் தீபாவளிக்கு வாங்கித் தந்தது என்பதை அவள் பிறகுதான் கவனித்தாள். அதற்கு அவள் கேட்டதை இங்கே எழுத முடியாது.

கெடுத்தவன்தான் சரிசெய்ய வேண்டும் என்று ஓனர் ஒரே பிடியாக நின்றார். அவர் மறுபடி கும்பிடுகூட அனுப்பவில்லை. ஏழுமலையைக் கூப்பிட்டேன். தளத்தை உடைக்க ஆரம்பித்தவர் பாதியில் உட்கார்ந்து சிரித்தார்.

"மூணு வர்சமா தண்ணிய நிறுத்து, நிறுத்துன்னு ஓனர் உயிர வாங்கிக்கினு இருந்த. கடசீல நீயே துண்டு வச்சி ஓட்டைய அடச்சிக்கினியே சார்!"

வாட்டம் அருமையாக அமைந்தது. அதன்பிறகு ஒரு சொட்டு இறங்கவில்லை. அடுத்த வருடம் கொலுவுக்கு வந்தவர்கள் காய்ந்து கிடந்த சிவனையும் சீலிங்கையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இந்த வருஷம் ஒண்ணும் பண்ணலையா சார்?" என்று ஏமாற்றத்தோடு சுண்டல் வாங்கிக்கொண்டு போனார்கள். நான் எந்தப் பதிலும் சொல்லவில்லை. மூளை அன்று வேலை செய்தது.

இன்றும் எங்கள் வீட்டில் சமையலறைக் குழாயோ குளியலறைக் குழாயோ சொட்டினால் வைதேகி என்னிடம் ஒரு வார்த்தை சொல்வதில்லை. பரணிலிருந்து அந்தச் சிவன் பொம்மையை இறக்கி, நேர் கீழே வைத்துவிட்டுப் போய்விடுவாள். பிளம்பர் வந்து போகும்வரை சிவன் அங்கேயே நனைந்துகொண்டிருப்பார்.