சம்பங்கி வீட்டில் உலகமயம்

திங்கட்கிழமை மனைவி வாணியை ரயிலேற விடுவதில்லை என்று சம்பங்கி சபதம் எடுத்திருந்தான். தங்கவயல் சுரங்கம் மூடியதிலிருந்து அவன் வீட்டோடு உட்கார்ந்துவிட்டான். அவளோ பக்கத்து வீட்டு லூயிசாவோடு சேர்ந்து தினமும் பெங்களூர் போய்வந்து ஏற்றுமதிச் சட்டை தைக்கக் கிளம்புகிறாள். அப்புறம் அடுப்பை யார் பார்ப்பது? தங்கம் வெட்டிய கை கரண்டி பிடிப்பதா?

நேருக்கு நேர் 'போகாதே' என்று சொல்லும் தைரியம் அவனுக்கு எந்த நாளும் இருந்ததில்லை. அதனால் சங்க ஆபீசில் உலகமயம் பற்றிய டாகுமெண்டரி கேசட் ஒன்றை வாங்கி வந்து, வாடகை வீடியோ டெக்கில் போட்டான். கம்பெனிக்குச் சட்டை தைத்துத் தைத்துத் தேய்ந்துபோகிற பெண்களின் கதை. பார்த்தால் பயந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டான். படம் இங்கிலீஷ், விளக்கவுரை சம்பங்கி.

படத்தில் ஒருவர் 'லெவல் பிளேயிங் ஃபீல்ட்' என்றார். தங்கவயலில் லெவல் என்றால் சுரங்கத்துக்குள் எவ்வளவு ஆழம் என்பதுதான். எல்லா நாடும் ஒரே லெவலில் இறங்கி விளையாடுகிறதாம் என்று சம்பங்கி அடித்துவிட்டான். அவ்வளவு கீழே காற்று வருமா என்று, படம் பார்க்க வந்திருந்த லூயிசா கவலைப்பட்டாள்.

"அவுட்சோர்சிங்னா இன்னாங்க?" என்றாள் வாணி.

தெரிந்த வார்த்தை. சம்பங்கி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"தன் வேலைய வெளியாளு தலையில கட்டிட்றது. எவன் கம்மி கூலிக்கு செய்றானோ, அவன் தலையில."

வாணி அந்த வார்த்தையை இரண்டு தரம் முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டாள். பயந்துவிட்டாள் என்று சம்பங்கி நிம்மதியாகத் தூங்கினான்.

திங்கள் விடிந்தபோது அவள் புடவை கட்டித் தயாராக நின்றாள். அவன் கையில் கரண்டியைக் கொடுத்தாள்.

"ஆக்கற வேலைய அவுட்சோர்ஸ் பண்ணிட்டேங்க."

"யாருக்கு?"

"கூலியே கேக்காத ஆளுக்கு."

அன்று குழம்பு அடிபிடித்தது. புகைக்குள் நின்றபோதுதான், ஷிஃப்ட் முடிந்து வந்த ஒவ்வொரு நாளும் தட்டில் சுடச்சுடச் சோறு இருந்தது அவனுக்கு ஞாபகம் வந்தது. அதற்காக ஒரு நல்ல வார்த்தை அவன் சொன்னதே இல்லை. இப்போது குடும்பத்தைத் தாங்கப் போயிருப்பவளும் அவள்தான். அவனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

சாயங்காலம் களைத்து வந்தவளுக்கு அவனே பரிமாறினான்.

"கீழ் லெவலவிட நம்ம அடுப்படி சூடு ஜாஸ்தி வாணி. இத்தினி வருசம் ஆக்கிப் போட்டியே, உனுக்குப் புண்ணியம்."

அவள் கண் கலங்கியது. இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றிக்கொண்டாள்.

"நல்லாத்தான் ஆக்கிறீங்க. நாளைலர்ந்து லூயிசா வூட்டுக்கும் சேத்து ஆக்கிடுங்க. அதான் உலகமயம்."