ஓய்வு நாளில் வந்த காய்ச்சல்

"எட்டுத் தட்டு வெச்சேன். ஏழுதான் கழுவ வந்திருக்குது. மீதி ஒருத்தி இன்னா ஆனா?"

சமையல்கார ஆரோக்கியமேரியின் குரல் ஆம்பூர் மிஷன் விடுதியின் கேட் வரைக்கும் கேட்டது.

"மெதுவா பேசு. ஊரைக் கூட்டாத," என்றான் வாட்ச்மேன் ஆபேல்.

"கேட்டாண்ட ஒக்காந்து தூங்குனது நீ. நானா ஊரைக் கூட்டுறேன்?"

தூங்கியது உண்மைதான். சுவீடனிலிருந்து ஊழியத்துக்கு வந்து, ஒரு மாதமாகப் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்த எட்டு மாணவர்களுக்கும் அன்று ஓய்வு நாள். அதைத் தனக்கும் சேர்த்தே ஆபேல் எடுத்துக்கொண்டான்.

"ஒரு பிள்ளை காணாமப் போனாலும் நீ மறுபடி டேனரியில சுண்ணாம்புக் குழிக்குத்தான் போவணும்" என்று போதகர் ஜெபராஜ் முதல் நாளே எச்சரித்திருந்தார். பத்து வருஷம் அந்தத் தோல் பதனிடும் குழியில் தோலோடு தோலாக ஊறிய கால்கள் ஆபேலுக்கு. நினைத்தாலே எரியும்.

காணாமல் போனவள் பிர்கித்தா. அவளுடைய கட்டிலில் இரண்டு தலையணைகளைக் கிடத்திப் போர்வையை மூடிவிட்டு ஆபேல் வெளியே வந்தான். எதிரே போதகர்.

"எங்கப்பா பிர்கித்தா?"

"காய்ச்சல் ஐயரே. படுத்துக்கினு இருக்குது."

"தள்ளு. தலைமேல கை வெச்சு ஜெபம் பண்ணிட்டு வர்றேன்."

"வேணாம் ஐயரே. அம்மை மாதிரி தெரியுது."

போதகர் இரண்டடி பின்வாங்கி, அங்கிருந்தே ஜெபம் செய்தார்.

அரை மணி நேரத்தில் சபைப் பெண்கள் பிரெட்டும் ஹார்லிக்சுமாக வந்து வராந்தாவை நிறைத்தார்கள். கிறிஸ்தவ வீட்டில் வேப்பிலையா என்று ஊரெல்லாம் பேசுகிற ஜெபகனியே முந்தானைக்குள் ஒரு கொத்து மறைத்துக் கொண்டுவந்திருந்தாள். தமிழ் புரியாத மற்ற ஏழு பேரும் நன்றி சொல்லி பிரெட்டைத் தின்றார்கள்.

போதகர் தந்தித் தாளை எடுத்தார். "பெத்தவங்களுக்குச் சொல்லிடணும்."

ஆபேல் குறுக்கே வந்தான். "அவசரப்படாதீங்க ஐயரே. ஒருவேளை வேர்க்குருவா இருக்கும்."

"அம்மையா, வேர்க்குருவா? எங்க வீட்டம்மாவே பாத்துடட்டும்."

போதகரின் மனைவி ஜெயபுஷ்பம் வேலூரில் இருபது வருஷம் நர்ஸாக இருந்தவர். தெர்மாமீட்டரோடு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். ஆபேல் மனசுக்குள் குழியில் இறங்கிவிட்டான்.

ஐந்து நிமிஷம் கழித்து அம்மா தெர்மாமீட்டரை உதறிக்கொண்டே வந்தார்.

"அம்மை இல்ல. சாதா காய்ச்சல், நூத்தி ரெண்டு. தந்தி எதுக்கு? சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் யாரும் உள்ள போவக் கூடாது."

தலையணைக்கு நூற்றிரண்டு.

ஐந்தே முக்காலுக்கு பிர்கித்தா பின்சுவர் ஏறிக் குதித்து, ஜன்னல் வழியாக அறைக்குள் நுழைந்தாள். ஆறு மணிக்கு அறையிலிருந்து வெளியே வந்தபோது வெயிலில் முகம் சிவந்திருந்தது. "காய்ச்சல் எப்படி அடிச்சிருக்குது பாரு" என்று பெண்கள் உச்சுக் கொட்டினார்கள்.

இரண்டு வருஷம் கழித்து, அதே பிர்கித்தாவுக்கும் போதகரின் மகன் ஜெயசீலனுக்கும் மிஷன் கோயிலில் கல்யாணம். கடிதம் மூலமாகவே கர்த்தர் சேர்த்துவைத்த ஜோடி என்று போதகர் எல்லோரிடமும் சொன்னார். மறு வாரமே இருவரும் சுவீடனுக்குப் புறப்பட்டார்கள். கார் தெரு திரும்பியதும் ஆபேல் மெதுவாகக் கேட்டான்.

"அம்மா, அன்னிக்கு தலகாணிக்குப் போயி நூத்தி ரெண்டுன்னு சொன்னீங்களே, ஏம்மா?"

ஜெயபுஷ்பம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஏலகிரி மலைக்குப் போனதுங்க திரும்பி வர நேரம் வேணாமாப்பா? ரெண்டு பேருக்கும் புளிசோறு கட்டிக் குடுத்து அனுப்புனதே நான்தானே."